இடைச்செருகலும் பாடபேதமும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு குற்றாலம் போன அன்று ஐந்தருவியில் குளிக்க விடவில்லை. முதல்நாள் ராத்திரி மலையில் கொட்டிய மழையில் ஐந்து கிளைகளும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் ஒரே சுவராக இறங்கிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர்கள் வழியை மறித்து நின்றார்கள். துண்டும் கையுமாக வந்தவர்கள் பழக்கடைகளில் மங்குஸ்தான் விலை கேட்டுப் பொழுதைப் போக்கினார்கள். நாங்கள் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான், இந்தக் கட்டுரைக்குக் காரணமான வியாபாரம் நடந்தது.

வியாபாரிகள் இருவருக்கும் பதினோரு வயது. ஒருவன் தென்காசியில் இருக்கும் என் தங்கையின் மகன். மற்றவன் என் சித்தப்பா மகனுடைய பையன். நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்தவன். அவன் மடியில் ஒரு தடித்த ஆல்பம். ஒவ்வொரு தாளிலும் ஒன்பது பை, ஒவ்வொரு பையிலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை. தங்கை மகனிடம் இருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சேர்த்த தீப்பெட்டிப் படங்கள் இருந்த டின் அது. தங்கை தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

வாசகர்களில் பலருக்கு அமெரிக்க அட்டை உலகம் பரிச்சயம் இராது. ஆகையால் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொல்கிறேன். கடையில் அட்டைகள் ஒட்டிய உறைகளாக விற்கின்றன. உள்ளே யார் இருப்பார்கள் என்பது பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் சாதாரண அட்டைதான். நடுநடுவே வேறு வரிசையைச் சேர்ந்த, வேறு சித்திரமுள்ள அட்டைகளைச் செருகியிருப்பார்கள். அதற்குப் பெயர் இன்செர்ட். இன்னொரு வகை பாரலல். படம் அதேதான், பின்புறம் அச்சிட்ட கணக்கும் அதேதான். ஓரத்து நிறமும் மினுமினுப்பும் மட்டும் வேறு. இத்தனைதான் அச்சிட்டோம் என்பதற்கு அடையாளமாக நம்பரும் போட்டிருப்பார்கள். டாப்ஸ் கம்பெனியின் குரோம் வரிசையில் பச்சை 99, தங்க நிறம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியில் உலகத்துக்கே ஒன்று.

"பெரியப்பா, இது பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு இல்ல" என்றான் பையன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பண்டிதர்கள் நூறு வருஷமாகப் புழங்கும் இரண்டு சொற்கள் இந்தப் பையனுக்குத் தேவையாக இருந்தன. இன்செர்ட் என்பது இடைச்செருகல். பாரலல் என்பது பாடபேதம்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு இடைச்செருகல் என்று சொன்னால் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1954-ல் காலமான அந்த மனிதர் இந்த ஊரில் இருந்துகொண்டு, கம்பராமாயணத்தில் ஏராளமான பாட்டுகளைக் கம்பன் வாக்கு அல்ல என்று தள்ளினார். மிஞ்சியதைப் பதிப்பித்தார். புலவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர் செய்தது சரியா என்ற வழக்கு இங்கே வேண்டாம். அவருடைய தராசில் இடைச்செருகல் என்பது களையவேண்டிய பதர். அட்டை உலகத்தில் அதுதான் மணி, மற்றதெல்லாம் பதர். உறையைப் பிரித்ததும் பையன் கை சாதாரண அட்டைகளை ஒதுக்கித் தள்ளுகிற வேகத்தைப் பார்க்கவேண்டும்!

பாடபேதக் கதையும் அப்படித்தான். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, பிரதிக்குப் பிரதி மாறிய சொற்களைக் குறித்துவைத்தார். அந்த மாற்றங்கள் எழுதினவன் கண் அயர்ந்ததால், காது பிசகியதால், சிலசமயம் தன்னைக் கவியைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டதால் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். தங்க ஓரத்துக்குப் பின்னால் இருப்பது ஓர் அச்சு யந்திரமும், ஐம்பதோடு நிறுத்து என்ற உத்தரவும்தான்.

அட்டைகளின் பூர்வகதையில் அருமை என்பது இப்படி வரவில்லை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி சிகரெட் பெட்டிகளில் ஆட்டக்காரர் படங்களை வைத்தது. ஹோனஸ் வாக்னர் என்ற பெரிய ஆட்டக்காரர் தம் படம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். என்ன காரணம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். அச்சு நின்றது, வெளியே போன சொற்பப் பிரதிகள் அருமையாகிவிட்டன. ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அடுத்து 1952. டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட பெரிய வரிசையில் கடைசிப் பகுதி சீசன் முடிகிற சமயத்தில் வந்ததால் விற்கவில்லை. மீதத்தைக் கிடங்கில் வைத்துச் சலித்து, 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்தப் பகுதியில் இருந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. ஒன்று, ஒருவர் மாட்டேன் என்றதால் அருமை. மற்றது, ஒருவரும் வேண்டாம் என்றதால் அருமை. இரண்டிலும் ஒரு கதை இருக்கிறது.

கதை தெரிந்ததும் ஜனங்கள் அட்டைகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். கம்பெனிகளும் எண்பதுகளின் இறுதியில் மலை மலையாக அச்சிட்டன. எல்லாரும் பத்திரப்படுத்தியது எப்படி அருமையாகும்? விலை விழுந்தது. அப்போதுதான் அருமையையே அச்சிட்டால் என்ன என்று யோசனை போயிற்று. 1993-ல் டாப்ஸ் ஃபைனஸ்ட் வரிசையில் ஒளி பட்டால் வானவில் காட்டும் ரிஃப்ராக்டர் வந்தது. 1997-ல் ஃபிளேர் ஷோகேஸ் வரிசையில் உலகத்துக்கே ஒன்று என்ற அட்டை வந்தது. கதை நடந்து அருமை பிறந்த காலம் போய், அருமையை முதலில் செய்துவிட்டுக் கதையைத் தேடும் காலம் வந்தது.

இதைச் சொல்லும்போது கதைக்காரனாகிய நான் கொஞ்சம் தயங்கவேண்டியிருக்கிறது. உறையைப் பிரிக்கும் அந்த ஆவல் எங்கள் சரக்கு. ஒவ்வொரு வாரமும் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்தி 'தொடரும்' போட்டவர்கள் நாங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அடுத்த வாரம் அதே காசு கொடுத்த எல்லாருக்கும் அதே அத்தியாயம் கிடைத்தது. நூறு வாசகரில் ஒருவருக்கு மட்டும் அவள் பிழைத்தாள் என்று அச்சிட்டு, மற்றவர்களை அடுத்த பிரதியும் வாங்கிப் பார்க்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி டீக்கடைக்குத் திரும்புவோம். என் டின்னில் இருந்தவை கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டிப் படங்கள். நாங்கள் வட்டம் போட்டு நடுவில் அவற்றை அடுக்கிக் கல்லால் எறிவோம். கோட்டுக்கு வெளியே தள்ளினவனுக்குச் சொந்தம். எது ஒசத்தி என்பதைத் தெருப்பையன்கள் நாங்களே தீர்மானித்தோம். எந்தக் கடையிலும் சுலபமாகக் கிடைத்தது மட்டம். வெளியூர் மாமா வந்து போட்டுவிட்டுப் போன பெட்டி உசத்தி. அச்சிட்டவருக்கு இப்படி ஒரு சந்தை நடப்பதே தெரியாது.

அமெரிக்கப் பையன் ஒரு மயில் படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஆல்பத்திலிருந்து ஒரு தங்க நிற அட்டையை உருவித் தங்கை மகனிடம் நீட்டினான். ஐம்பதில் பன்னிரண்டாவது. வெயில் எட்டிப் பார்த்த நேரம். அட்டை தகதகவென்று மின்னியது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். வியாபாரம் முடிந்தது.

சாயங்காலம் விஷயம் என் தம்பிக்குத் தெரிந்தது. கைபேசியில் விலை பார்த்தவன் முகம் மாறிவிட்டது. "அண்ணே, இருநூறு டாலர். தீப்பெட்டி லேபிளுக்கு! நீங்க பெரியவர், கூடவே இருந்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க" என்றான்.

தங்கைக்கு அவமானம். "அண்ணே, திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"மாமா, நான் ஏமாத்தல. அவன்தான் கேட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான் மருமகன்.

நான் அமெரிக்கப் பையனைக் கூப்பிட்டு அந்தப் படம் எதற்கு என்று கேட்டேன். அவன் அதைத் திருப்பிக் காட்டினான். பின்புறத்தில் காய்ந்த பசையும், பெட்டியிலிருந்து உரிக்கும்போது கூடவே வந்த மரச் சிராயும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது யூஸ் பண்ணது, பெரியப்பா. எங்க கார்டெல்லாம் யாரும் தொட்டதே இல்ல."

விமர்சகன் பத்துப் பக்கத்தில் சொல்லவேண்டியதை அவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். செய்த வியாபாரம் செய்ததுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அட்டை அன்று ராத்திரியே திரும்பிப் போயிற்று. மயில் படத்தை மட்டும் மருமகன் திருப்பி வாங்க மறுத்துவிட்டான். நான் அங்கே பெரியவனாக உட்கார்ந்திருந்தேனே தவிர, பெரிய மனிதனாக நடந்துகொள்ளவில்லை.

ஏன் வாய் அடைத்துப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பிரசுரகர்த்தர் என் நாவலுக்குத் துணிக்கட்டில் நூறு பிரதிகள் தனியாக அச்சிட்டு, நம்பர் போட்டு, என் கையெழுத்தும் வாங்கி, நாலு மடங்கு விலைக்கு விற்றார். நூறு தடவை கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். முதல் நம்பர் பிரதி எனக்கு வந்தது. கண்ணாடித் தாள் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன்.

குற்றாலத்திலிருந்து திரும்பியதும் அந்த உறையைக் கத்தரியால் வெட்டினேன். 61-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். சாதாரணப் பதிப்பில் அந்தப் பக்கத்தில் 'அவள்' என்பது 'அவல்' என்று விழுந்திருந்தது. திருத்தச் சொல்லி எழுதவேண்டும் என்று நினைத்து மறந்திருந்தேன்.

துணிக்கட்டுப் பிரதியிலும் அவல்தான்.

பேனாவை எடுத்துத் திருத்தினேன். நூறு பிரதிகளில் உண்மையான பாடபேதம் உள்ளது இப்போது அது ஒன்றுதான். தென்காசிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மருமகன் நாற்பது பக்கம் வரை வந்திருப்பதாகத் தங்கை சொன்னாள்.