பன்னிரண்டு வார உறுதிமொழி

டென்மார்க்கில் நான் வாழும் நகரத்தில், கடந்த குளிர்காலத்தில், பன்னிரண்டு வாரத் திட்டமொன்றில் சேர்ந்தேன். யோகாசனம், தியானம், ஆரோக்கிய உணவு மூன்றையும் கூட்டாகக் கடைப்பிடிப்பதாக முதல் நாளே ஒரு பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். எங்களில் ஒன்பது பேர் தமிழர். எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள், பாதிப்பேருக்கு நீரிழிவு. அத்திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

"இது எங்கட சாமான். எங்களுக்கே வெள்ளைக்காரர் படிப்பிக்கினம்" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். இப்பெருமிதம் விசாரணைக்குரியது. பதஞ்சலியின் ஏறத்தாழ 195 சூத்திரங்களில் ஆசனத்தை விளக்குபவை மூன்றே. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் சொல்லும் ஆசனங்களும் பெரும்பாலும் இருக்கை நிலைகள்தான். இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆசன வரிசைகளில் பல, 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய பயிற்சிக்கூடத்தில் உருவானவை. நவீன யோக உடல் பற்றிய தனது ஆங்கில நூலில் (2010) மார்க் சிங்கிள்ரன், அக்காலத்தில் ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகள் இந்தியாவில் பரவியிருந்ததைக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று டேனியரான நீல்ஸ் பூக்கினுடையது. 1920இல் ஒல்லரப்பில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். பின்னர் ஹிட்லரின் ஜேர்மனியைப் புகழ்ந்தவர். நேரடியாகக் கடன்வாங்கப்பட்டது என்று சிங்கிள்ரன் சொல்லவில்லை. ஒற்றுமைகளை மட்டுமே சுட்டுகிறார். அதுவே 'எங்கட சாமான்' என்ற உரிமைக்கோரலைக் குலைக்கப் போதுமானது.

தூய தோற்றுவாய் இல்லை என்பதால் ஒரு பயிற்சி பயனற்றதாகிவிடாது. எனது விமர்சனம் வேறிடத்தில் இருக்கிறது. திட்டத்தின் கையேடு 'உங்கள் உடல், உங்கள் தெரிவு' என்று தொடங்குகிறது. யாருடைய தெரிவு? எங்களில் ஒருவர் இரவிரவாக பஸ் கழுவுகிறார். காலை ஆறு மணிக்கு அவர் உண்பது காலைச் சாப்பாடா, இராச்சாப்பாடா? இரவுவேலை நீரிழிவு அபாயத்துடன் தொடர்புடையது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. உடற்திணிவுச் சுட்டிக்கு அது இடும் எல்லை 25. ஆசியர் 23இலேயே கவனமெடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறிவிட்டது. உணவு அட்டவணையில் கறுப்புப் பாண் உண்டு. குரக்கன் புட்டு இல்லை. சமூகம் உண்டாக்கிய நோய் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவாகச் சுருக்கப்படுகிறது.

இதைச் சொல்லி எங்களை நாங்களே விடுவித்துக்கொள்ளவும் முடியாது. கொண்டாட்டமென்றால் றோல்சும் கொத்துரொட்டியும் விஸ்கியும். அதற்கு எந்த நகரசபையும் கட்டளையிடவில்லை.

நான்காம் வாரம். தியானத்துக்காகக் கண்களை மூடச் சொன்னார் ஆசிரியை. சிறிது நேரத்தில் எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். வாசலில் சிகரெட்டுடன் நின்றார். "கண்ணை மூடினா அண்டைக்குக் கட்டின துணிதான் வருது" என்றார். எந்த முகாம், யார் கட்டிய துணி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வரலாற்றில் அக்கேள்விக்குப் பல விடைகள் உண்டு. சில விடைகள் தமிழிலும் உண்டு.

மூடிய இமைகளுக்குள் அமைதி காத்திருக்கிறது என்பது, கண் கட்டப்படாதவர்களின் அனுமானம். அவரைக் கேட்டுக்கொண்டு ஆசிரியையிடம் விடயத்தைச் சொன்னோம். அவர் வாதாடவில்லை. அடுத்த வாரம் எல்லோரும் கண்களைத் திறந்தபடி, யன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நண்பரும் வந்திருந்தார். அவரை வரவைத்தது பத்திரத்திலிட்ட கையொப்பமல்ல. முதல்நாள் இரவு இரண்டுபேர் தொலைபேசி எடுத்து "நாளைக்கு வாறீர்தானே?" என்று கேட்டிருந்தார்கள்.

இயக்கங்களுக்கும் கோயில்களுக்கும் நாங்கள் உறுதிமொழிகள் கொடுத்துக் களைத்தவர்கள். அவை மேல்நோக்கிக் கொடுக்கப்பட்டவை. மீறினால் தண்டனையோ தெய்வக் குற்றமோ காத்திருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் உறுதிமொழியை நாங்கள் அதிகம் பழகவில்லை. திட்டத்தில் பெறுமதியானது அதுதான். கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. ஐந்துபேர் தொடர்கிறோம். பஸ் கழுவுபவர் நித்திரை கொண்டெழும்பி வருவதற்காக, நேரத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.