பெயர்ப்பலகை ஆய்வும் ஒளிப்படச் சான்றும்

நகரப் பெயர்ப்பலகைகளை ஒளிப்படமெடுத்து மொழிவாரியாகக் கணக்கிடும் முறை சமூக மொழியியலில் நிலைபெற்றுவிட்டது. ‘மொழி நிலத்தோற்றம்’ என்னும் கருத்தாக்கத்தை வரையறுத்த லாண்ட்ரி, பூரிஸ் ஆகியோரின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரையோ, பலகைகளை எண்ணவில்லை. அவற்றைப் பற்றிய மாணவர்களின் உணர்வையே வினாநிரலால் அளந்தது. ஒளிப்படம் முதன்மைச் சான்றானபின் படிப்பவர் ஆய்விலிருந்து மறைந்தார்.

பெங்களூரில் பரவலாகக் காணப்படும் ‘ஐயங்கார் பேக்கரி’ என்னும் பலகை இதன் விளைவைக் காட்டும். கன்னட எழுத்தில் அமைந்தால் அது கன்னடக் கணக்கில் சேர்கிறது. ஆயின், ‘பேக்கரி’ ஆங்கிலச் சொல். ‘ஐயங்கார்’ தமிழ் வைணவ மரபில் தோன்றிய சமூகப்பெயர். வாங்குவோர்க்கு அது சாதியைவிட, முட்டை சேராத பண்டம் என்னும் நம்பிக்கையையே குறித்து வந்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியதும் இந்நம்பிக்கையைத்தான். எழுத்துப்பெயர்ப்பு அதனைத் தராது.

2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டம் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் என்கிறது. எழுத்தை எண்ணுவதா, சொல்லை எண்ணுவதா என்பதைப் பொறுத்து ஆய்வாளர் காட்டும் விழுக்காடு மாறும். எனவே எழுத்து, சொல், பொருள் மூன்றையும் தனித்தனியே பதிந்து, படிப்போர் கூறும் விளக்கத்தையும் சேர்த்தாலன்றி ஒளிப்படத் தொகுப்பு பண்பாட்டுச் சான்றாகாது.