ஒற்றைக் கையால் திறக்குமா? ஒரு டயப்பர் பையும் தாம்பரம் ரயிலும்

ஆன்லைன் கடைகளில் ‘மம்மி பேக்’ என்று தேடிப் பாருங்கள். ஒரே பை பல பெயர்களில் வரிசை கட்டி வரும். முதுகில் மாட்டும் வகை. வாய் முழுக்க விரிந்து நிற்க மேலே ஒரு கம்பிச் சட்டம். முன்பக்கம் பாட்டில் வைக்க வெள்ளித் தாள் ஒட்டிய மூன்று அறைகள். பக்கவாட்டில் யுஎஸ்பி துளை. நிறமும் லேபிளும்தான் மாறும். 700 ரூபாயில் தொடங்கி 2,000-ஐத் தாண்டும் விலையில் நான் எடுத்தது 1,200 ரூபாய்ச் சரக்கு. பெயர் சொல்லிப் பயனில்லை, அடுத்த மாதம் அது வேறு பெயரில் வந்துவிடும்.

சேலையூரிலிருந்து இந்தப் பை போகாத இடமில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம், துணி எடுக்கக் குரோம்பேட்டை, மாமியாரோடு வண்டலூர் உயிரியல் பூங்கா, எலக்ட்ரிக் ட்ரெயினில் மாம்பலம். கார் டிக்கியையும் தள்ளுவண்டியையும் மனதில் வைத்துச் செய்த பை இது. நம் ஊரிலோ ஷேர் ஆட்டோவும் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளும்தான். ஸ்ட்ரோலரில் மாட்டக் கொடுத்திருந்த இரண்டு கொக்கிகளை முதலிலேயே கழற்றிவிட்டேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஸ்ட்ரோலர் தள்ள இடம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.

ஒரு கையில் பாப்பா இருக்கும்போது பரீட்சை மறு கைக்குத்தான். தாம்பரத்திலேயே ஏறினால் லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார இடம் கிடைக்கும். பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்தால் கம்பிச் சட்டம் வாயைப் பிளந்து நிற்கிறது. அடியில் கிடக்கும் சாக்ஸ் வரை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒரு வசதிக்கே பாதி விலையைக் கொடுக்கலாம். மாம்பலத்தில் திரும்பி ஏறும்போதுதான் கதை மாறும். மாலைக் கூட்டத்தில் நின்றபடி பையை முன்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டால், ஜிப் ஒரு பக்கம் இழுக்கிறது, பை மறு பக்கம் போகிறது. இழுக்கிற ஜிப்புக்கு எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். விலை குறைந்த பைகளில் ரன்னர் ஒன்றுதான் இருக்கும், இதில் இரண்டு. அதனால் இரண்டையும் நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டால், விரலை நுழைத்து ஒரு கையகலம் திறக்கலாம். வைப்ஸும் ஒரு டயப்பரும் எடுக்க அது போதும்.

வெள்ளித் தாள் அறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையை விற்பதே அதைக் காட்டித்தான். உள்ளே இருப்பது மெல்லிய ஃபோம், அதன் மேல் பளபளக்கும் தாள். சூடு போவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. பாட்டிலில் ஊற்றிய வெந்நீர் கிண்டி வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. மே மாத மதியத்தில் குளிர்ந்த தண்ணீருக்கும் அதே கதிதான், திசை மட்டும் வேறு. பாலைக் கலக்கி இதில் வைத்துப் புறப்படுவது ஆபத்து. கலக்கிய பவுடர் பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பாப்பா வாய் வைத்த மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது. பால் பவுடர் கிருமியற்ற பொருள் இல்லை என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஸ்டீல் ஃபிளாஸ்கில் வெந்நீர், சின்ன டப்பாவில் அளந்த பவுடர், இரண்டும் தனித்தனியாக. தேவைப்படும்போது கலக்கி, நன்றாக ஆறவைத்துப் பாலாடையில் கொடுத்தால் ஃபீடிங் பாட்டிலே வேண்டாம். கழுவுவதும் எளிது. ஃபிளாஸ்க் அந்த அறையில் நுழைகிறதா என்று அளந்து வாங்குங்கள். என் அரை லிட்டர் ஃபிளாஸ்க் நுழையவில்லை, பக்கவாட்டுப் பாக்கெட்டில்தான் நிற்கிறது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பாப்பா என்றால் மூன்று அறைகளும் சும்மாதான். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. குழந்தைப் பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் நம் நாட்டில் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-இல் சட்டம் வந்தது. பை விளம்பரப் படத்தில் மட்டும் மூன்று பாட்டில்கள் கம்பீரமாக நிற்கின்றன.

யுஎஸ்பி துளை என்பது உள்ளே தொங்கும் ஒரு ஒயர், அவ்வளவே. பவர் பேங்க் நாம்தான் போட வேண்டும். மழையில் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் தண்ணீர் இறங்குகிறது. ‘வாட்டர் ரெசிஸ்டென்ட்’ என்பதெல்லாம் துணிக்கு மட்டும். தையலுக்கும் ஜிப்புக்கும் இல்லை. நவம்பர் மழையில் முடிச்சூர் பக்கம் போகிறவர்கள் மாற்றுத் துணியைத் தனி ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

கூடவே வந்த மடக்கு விரிப்பு வழுவழுப்பான ரெக்ஸின் ரகம். பாப்பாவின் முதுகு வியர்த்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் மாமியாரின் பழைய காட்டன் புடவைத் துண்டு ஒன்றை விரித்த பிறகுதான் அழுகை நின்றது. விரிக்க இடம் கிடைப்பது அடுத்த பாடு. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனி அறை என்று 2015-இல் தமிழக அரசு தொடங்கியது நல்ல காரியம். டயப்பர் மாற்ற ஒரு மேசையும் அங்கே போட்டால் புண்ணியமாகப் போகும்.

மாற்றிய டயப்பரை என்ன செய்வது? அதற்கென்று உள்ளே ஒரு ஈர அறை இருக்கிறது. தையல் வழியே கசிகிறது, வாடையும் வெளியே வருகிறது. டயப்பர் உள்ளே இருக்கும் உறிஞ்சும் குருணை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எடையை எங்கே கொண்டுபோகும்? மதியத்துக்குள் பை கனத்துவிடுகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரை நன்றாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்கின்றன. செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, வெளியே தொங்கும் மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு வருகிறேன். தண்டவாளத்தில் எறிகிறவர்களை ரயிலில் பார்க்கத்தான் செய்கிறோம்.

வண்டலூர் கிளம்பிய அன்று மாமியார் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, புலியைப் பாக்கப் போறோமா, புலிகூடக் குடித்தனம் பண்ணப் போறோமா?” அவர் கையில் எப்போதும் போல ஒயர் கூடை. நியாயமாகச் சொன்னால், பூங்காவில் ஜெயித்தது கூடைதான். தரையில் வைத்தால் சாயாமல் நிற்கும், எல்லாம் மேலேயே தெரியும், பால் கொட்டினால் குழாயடியில் காட்டிக் கழுவலாம். ரயிலில் மட்டும் தோற்றது, ஒரு கையை அது முழுதாகத் தின்றுவிடுகிறது. (செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, பையைக் கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.)

அறைகள் அதிகம் என்பதைக் குறையாகத்தான் எழுதுகிறேன். எதை எங்கே வைத்தோம் என்று ஜிப் ஜிப்பாகத் தேடும்போது பாப்பா காத்திருப்பதில்லை. நான் இப்போது நான்கு அறைகளைத்தான் பயன்படுத்துகிறேன். முதுகை ஒட்டிய தட்டை அறைக்கு மட்டும் முழு மதிப்பெண். தடுப்பூசி அட்டை மடங்காமல் நிற்கிறது.

பெரிய குறை வேறு. அம்மாவின் பொருளுக்கு இந்தப் பையில் இடமே யோசிக்கப்படவில்லை. 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகம் ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். துண்டு, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பையோடு தாய்க்குக் குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. 1938 முதல் தாய்மார்களுக்குப் பெட்டி கொடுக்கும் பின்லாந்தைப் பார்த்து உலகமே வியக்கிறது. நம் பெட்டகத்தில் அம்மாவையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். இந்த 1,200 ரூபாய்ப் பையில் என் தண்ணீர் பாட்டிலும் மாற்று துப்பட்டாவும் டயப்பருக்கு அடியில் நசுங்குகின்றன.

ரயிலிலும் பஸ்ஸிலும் அடிக்கடி போகிறவர்கள் வாங்கலாம். 1,200-க்கு மேல் கொடுக்க வேண்டாம், அதற்கு மேல் உள்ள விலை நிறத்துக்கும் படத்துக்கும்தான். காரிலோ ஆட்டோவிலோ மட்டும் போகிறவர்களுக்கு ஒயர் கூடையே போதும். வாங்கினால், பை வந்த அன்றே இடது கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு, நின்றபடி, வலது கையால் ஒரு டயப்பரை வெளியே எடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.