வண்டுக்கு ஒரு கணக்கு, குளவிக்கு ஒரு கணக்கு

தேயிலைச் செடிக்கு எந்தப் பூச்சி பகை, எதற்கு மருந்து அடிப்பது என்று இலங்கையின் டிக்கோயாத் தோட்டங்களுக்குச் சொல்லும் இடம் தலவாக்கலை. அங்கே செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம். அதன் பூச்சியியல் பணியில் இரண்டு உயிர்களின் கதைகள் உண்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதனை. சேர்த்துப் பார்த்தால்தான் குறை தெரிகிறது.

முதலாவது, கிளையைத் துளைக்கும் வண்டு. 1892இல் நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலையில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள டிக்கோயா, அது பெருகும் எல்லையின் மேல்விளிம்பில் இருக்கிறது. துளை விழுந்த கிளை, கொழுந்து பறிப்பவர் உடல் பட்டாலே முறியும். நிலையத்தில் பூஞ்சையியலராக இருந்து பூச்சிகளின் பக்கம் திரும்பியவர் சி. எச். காட். அவரும் சி. ஏ. லூசும் 1947இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வண்டின் பூஞ்சையை விவரித்தது. வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் தான் கொண்டுவந்த பூஞ்சையைப் பயிரிட்டு, அதையே குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. பூஞ்சையை அறிந்த கண் பூச்சியைப் பார்த்ததால் கிடைத்த பலன் இது.

அதன் இனப்பெருக்கமும் விசித்திரமானது. கருவுறாத முட்டை ஆணாகும். பறக்கத் தெரியாத அந்த ஆண், துளைக்குள்ளேயே தன் சகோதரிகளுடன் இணையும். பெண் வெளியேறும்போதே கருவுற்றிருப்பதால், ஒரே ஒரு வண்டு போதும், புதிய கிளையில் புதிய குடும்பம் தொடங்க. உள்ளே இருப்பதை மருந்து எட்டாது. வெளியே வந்து அடுத்த கிளையில் துளையிடும் நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

இரண்டாவது கதை, இலைகளைப் பட்டுநூலால் ஒட்டி உள்ளிருந்து தின்னும் புழு. அதை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவி கொண்டுவரப்பட்டது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவி அது. ஆனால் புழுவின் உடல் அந்த முட்டையைச் சும்மா விடாது. அந்நியப் பொருளைச் செல்கள் சூழ்ந்துகொள்வதை 1882இல் விலங்கியலர் மெச்னிக்கோவ் நட்சத்திரமீனின் இளவுயிரில் முள்ளைச் செருகிக் கண்டார். பூச்சிப் புழுவின் இரத்தத்திலும் அந்தக் காவல் உண்டு. உள்ளே விழுந்த முட்டையைச் செல்கள் மூடிக் கறுத்த உறையாக்கிக் கொன்றுவிடும். அதை ஏய்க்கத் தெரிந்த ஒட்டுண்ணிதான் பிழைக்கும். அதே புழுவில் வாழ்ந்து பழகிய குளவியைத் தேர்ந்ததுதான் இந்த முயற்சியின் புத்திசாலித்தனம். மருந்தில்லாமல் ஒரு பெரும்பீடை அடங்கியது. உயிரியல் கட்டுப்பாட்டின் நல்ல உதாரணங்களில் ஒன்றாக உலகம் அதைப் பேசுகிறது.

பின்பு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் வந்தது. கிளையில் நெடுநாள் தங்கும் நஞ்சு என்பதால், துளையிட வரும் வண்டுக்கு அது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் அதே நஞ்சு குளவியையும் கொன்றது. அடித்த இடங்களில், அடங்கிக் கிடந்த இலைப்புழு மீண்டும் பெருகியது. வண்டைப் பற்றிய அறிவில் பிழையில்லை. குளவியைப் பற்றிய அறிவிலும் பிழையில்லை. இரண்டும் ஒரே செடியில் வாழ்கின்றன என்பதுதான் பரிந்துரையில் எடையிடப்படவில்லை.

இதை அக்கால அறியாமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஆய்வின் அளவுகோலே விளைச்சலாக இருந்தது; வண்டு குறைந்ததா, கொழுந்து கூடியதா என்று பார்த்தால் டீல்ட்ரின் வெற்றிதான். அந்த மருந்தைத் தோளில் சுமந்து அடித்தவரின் உடல்நலத்துக்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை. 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நஞ்சுகளில் டீல்ட்ரினும் ஒன்று. ஆனாலும் நிலையத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: புழு பெருகியதன் காரணத்தைத் தேடிப் பதிந்தவர்களும் பூச்சியியலர்களே. தன் தவறைத் தானே அளந்த அறிவியல் அது.

இன்று மரபணு ஆய்வுகள், ஒரே இனம் என்று எண்ணிய வண்டு உண்மையில் ஒத்த உருவமுள்ள பல இனங்கள் என்று காட்டியுள்ளன. அதன் உறவினம் கலிபோர்னியாவின் வெண்ணெய்ப்பழ மரங்களையும் தாக்குகிறது. ஆகவே பழைய அவதானிப்புகளை இனம் பிரித்து மறுபடி சரிபார்க்க வேண்டும். அவற்றின் மதிப்பு அதனால் குறையாது. மாற வேண்டியது பரிந்துரை எழுதும் முறை. எந்த மருந்தையும் ஒப்புக்கொள்வதற்கு முன், அது கொல்லும் பூச்சியோடு அது அழிக்கும் ஒட்டுண்ணியையும், அதை அடிக்கும் மனிதரையும் ஒரே அட்டவணையில் எழுதட்டும். ஒவ்வொரு செடியையும் வாரந்தோறும் தொட்டுப் பார்க்கும் கொழுந்துப் பெண்கள் சொல்வதும் அதில் தரவாக ஏறட்டும்.