சோவெய் முகமூடியும் அதன் மௌனமும்

மேற்காபிரிக்காவிலுள்ள சியெரா லியோன் நாட்டின் தென், கிழக்குப் பகுதிகளிற் பெருந்தொகையினராய் வாழ்வோர் மெண்டே மக்கள். இவர்தம் பழைய சமுதாய வாழ்வு இரு மறைச் சங்கங்களைத் தழுவி அமைந்தது. ஆடவர்க்குரியது போரோ, பெண்டிர்க்குரியது சாண்டே. சிறுமியரைப் பருவப் பெண்களாக்கி, இல்லறத்துக்கும் ஊர் வாழ்வுக்கும் வேண்டிய அறிவையும் ஒழுக்கத்தையும் புகட்டுவது சாண்டேயின் பணி. அச்சங்கத்தின் ஆவியை உருவிற் காட்டுவதே சோவெய் எனப்படும் கரிய மரமுகமூடி. ஆபிரிக்காவின் ஏனைய பகுதிகளில் முகமூடியணிந்து ஆடுவோர் பெரும்பாலும் ஆடவரே. இங்கோ செதுக்குபவன் ஆணாயினும், செதுக்குவித்து அணிந்தாடுபவள் பெண். அறிஞர் பலரின் நாட்டத்தை இம்முகமூடி கவர்ந்தமைக்கு இதுவே முதற் காரணம்.

1886ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற குடியேற்ற நாடுகள், இந்தியா ஆகியவற்றின் பொருட்காட்சியில் வைக்கப்பெற்ற சோவெய் ஒன்று இன்று பிரித்தானிய நூதனசாலையில் உளது. கண்ணாடிப் பேழையுள் அதனைக் காண்போர் காண்பது தலையொன்றையே. ஆடுபவளின் உடல் முழுவதையும் மறைத்துத் தொங்கும் கரிய நாராடை அங்கில்லை, சுரைக்குடுக்கையின் ஒலியில்லை, மகளிர் பாடலும் இல்லை. அதனைத் தனிச் சிற்பமாகக் கொண்டு மதிப்பிடல், கூத்தனின் முடியை மாத்திரம் கண்டு கூத்தினைத் திறனாய்வதை ஒக்கும்.

இக்குறையை நீக்க முயன்ற நூல்களுள் யேல் பல்கலைக்கழகத்துச் சில்வியா ஆர்டின் பூன் 1986இல் வெளியிட்ட நூல் தலையாயது. மெண்டே மக்களுக்குத் தமக்கேயுரிய அழகியல் உண்டு, அதனை எடுத்துரைக்கும் சொற்களும் அவர்தம் மொழியில் உண்டு என்பதே அந்நூலின் அடிப்படை. ‘நியாண்டே’ என்னும் சொல் அழகையும் நன்மையையும் ஒருங்கே குறிப்பது. எனவே முகமூடியின் அகன்ற நெற்றி, தாழ்ந்த விழி, நுணுகப் பின்னிய கூந்தல் ஆகியவை கண்ணுக்கினியவை மாத்திரமல்ல, ஒழுக்கத்தின் குறிகளுமாம். கழுத்தைச் சூழ்ந்த மடிப்புகளுக்கு இருவகை விளக்கம் கூறுவர். செழிப்பையும் உடல்நலத்தையும் அவை காட்டும் என்பது ஒன்று. ஆவி ஆழ்நீரினின்றும் மேலெழும்போது அதனைச் சுற்றி விரியும் நீர்வளையங்களே அவை என்பது மற்றொன்று. இரண்டாவதே ஆழமுடைத்து. எண்ணெய் பூசி மினுக்கிய அக்கருமை, நீரினின்றும் அப்போதே எழுந்த மேனியின் ஈரத்தை நினைவூட்டுதல் காண்க.

இவ்வாறு இலட்சியத்தை மாத்திரம் நோக்குங்கால் ஒரு தீங்கு நேர்கின்றது. முகமூடி காலத்துக்கு அப்பாற்பட்ட பொருள்போலத் தோன்றிவிடும். ஐரோப்பியர் தொப்பியையும் அரசமுடியையும் தலையிற் செதுக்கிய சோவெய்களும் உள. ரூத் பிலிப்ஸ் 1995இல் வெளியிட்ட நூல் இத்தகைய உருவ வேறுபாடுகளையும் அவற்றின் வரலாற்றையும் ஆராய்ந்தமையால், பூனின் நூலுக்குத் தக்க துணையாகின்றது.

இன்னும் கருதத்தக்கது, கோண்டே என்னும் கோமாளி. பழுதடைந்த முகமூடியும் கந்தையும் பூண்டு, சோவெய் ஆடும் களத்திலே தோன்றிச் சேட்டைகள் புரிந்து காசு கேட்பது அது. மாசற்ற அழகைப் படைத்த அதே பெண்டிர், அவ்வழகை எள்ளும் உருவத்தையும் தாமே படைத்துக்கொண்டனர். சேகரிப்போர் நாடியது பெரும்பாலும் சோவெய்யையே. கோண்டேயை விட்டு அதனை மாத்திரம் புகழ்தல் மெண்டேப் பெண்டிரின் நகைச்சுவையை, அதாவது அவர்தம் அறிவின் ஒரு பாதியை, மறப்பதாகும்.

எஞ்சியது அச்சிறிய மூடிய வாய். சோவெய் பேசுவதில்லை, உடன்வரும் பெண்ணே அதன் குறிப்பை ஊரார்க்கு உணர்த்துவாள். இம்மௌனத்தை அடக்கத்தின் அழகென்று புகழ்வோர் பலர். ஆயின் அது சங்கத்தின் மறையைக் காக்கும் மௌனமுமாம். சிறுமியரின் பெண்ணுறுப்பை அறுக்கும் வழக்கம் சாண்டேச் சடங்கின் பகுதியாய் அம்மறையுள் அடங்கியது. அதனாற் குருதிப்பெருக்கும் நோயும், சில வேளைகளிற் சாவும் நேர்ந்துள்ளன. 2007இல் அந்நாட்டிற் சிறுவர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது இதனைத் தடைசெய்யும் பகுதி நீக்கப்பட்டது. சங்கத்தின் செல்வாக்கு அத்துணைப் பெரிது. அதே செல்வாக்கே, 1906இல் மறைந்த யோக்கோ அம்மையாரைப் போன்ற பெண்டிர் ஆட்சித் தலைமை பெறவும் துணைநின்றது. பெண்ணின் உயர்வைக் கூறி அறுவையை மறைப்பதும், அறுவையைக் கூறிக் கலையையும் கல்வியையும் காட்டுமிராண்டித்தனமென இகழ்வதும் திறனாய்வாளர்க்கு எளியன. மெண்டேப் பெண்டிர்க்கோ இரண்டும் ஒரே வாழ்வினுள் அடங்கியவை. அச்சடங்கிற்கு உட்பட்ட பெண்களுள் சிலரே அறுத்தலை எதிர்த்துக் குரலெழுப்பியுள்ளனர். கத்தியை விலக்கிப் போதனை, பாடல், ஆடல் ஆகியவற்றை மாத்திரம் கொண்டு சடங்கினை நிகழ்த்தும் முயற்சிகளும் அந்நாட்டு ஊர்கள் சிலவற்றில் நடைபெற்றுள்ளன.