பச்சைக் கல்லெல்லாம் மரகதமா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஓடை ஒன்றில் உங்கள் கையில் ஒரு பச்சைக் கல் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் காட்டினால் ஒருவர் அதை மரகதம் என்பார். கொஞ்சம் படித்தவர், "எரிமலையில் பிறந்த பெரிடாட்" என்பார். இரண்டு விடைகளும் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டவை. ரத்தினங்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் பல இந்தப் பழக்கத்தைத் திருத்தாமல் வளர்த்துவிடுகின்றன என்பதே என் குறை.

மரகதம், பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிகேட். சிறிதளவு கலந்த குரோமியமோ வனேடியமோ அதற்குப் பச்சை நிறம் தருகிறது. பெரிடாட் என்பது ஒலிவின் என்னும் கனிமத்தின் தெளிவான படிகம். மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிகேட் அது. அங்கே பச்சைக்குக் காரணம் இரும்பு. மரகதத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.7, பெரிடாட்டின் அடர்த்தி ஏறத்தாழ 3.3. ஒரே பருமனுள்ள இரண்டு கற்களைத் தராசில் இட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். நாமோ தராசை விட்டுவிட்டு ராசிக்குப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம்.

"எரிமலையில் பிறந்த ரத்தினம்" என்ற சொற்றொடர் கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. எரிமலைக் குழம்பிலும் ஒலிவின் படிகமாகும், மெய்தான். ஆயினும் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துச் சான் கார்லோசில் வெட்டியெடுக்கப்படும் பெரிடாட், புவியோட்டுக்கும் கீழே, கவசம் எனப்படும் பகுதியில் உருவானது. மேலெழுந்த குழம்பு அந்தப் பாறைத் துண்டுகளைப் பெயர்த்துச் சுமந்துவந்தது. அங்கே எரிமலை தாயல்ல, வண்டிக்காரன்! புனேயைச் சுற்றியுள்ள பசால்ட் பாறையில் கிடைக்கும் பச்சை அபோபிலைட் படிகங்களின் கதை வேறு. குழம்பு இறுகிய பிறகு, வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற பொந்துகளில், கனிமங்கள் கரைந்த நீர் அவற்றைப் படியவைத்தது.

அரியலூர் மண்ணுக்கு இக்கதைகளில் எதுவும் பொருந்தாது. தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு இங்கு வந்து சேரவில்லை. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைப் பக்கம் இருப்பவை சார்னோகைட் போன்ற மிகப் பழைய பாறைகள், பெயரில்தான் பச்சை. கிழக்கே இருப்பவை கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் புகுந்து நின்றபோது படிந்த களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். 1860களில் பிளான்ஃபோர்டு இவற்றை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று தொகுதிகளாகப் பிரித்தார். ஒலிவின் எளிதில் சிதைந்து களிமண்ணாகிவிடும் கனிமம். கோடிக்கணக்கான ஆண்டுகள் இத்தகைய படிவில் அது பளபளத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

நிறத்துக்கு நேர்ந்த கதியே வடிவத்துக்கும் நேர்ந்தது. 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, "டைனோசர் முட்டை" என்று செய்தி பறந்தது. பார்வையிட்ட வல்லுநர்கள், அவை அம்மோனைட் என்னும் கடலுயிர்களைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லை என்றவுடன் பலருக்கு ஆர்வமும் இல்லாமற் போயிற்று. வருத்தத்துக்குரிய விஷயம் அதுதான். அம்மோனைட் என்ன சாதாரணப் பொருளா? நம் வயற்காட்டில் கடல் இருந்ததற்குச் சாட்சியல்லவா!

ஒலிவினைக் காணத்தான் வேண்டுமென்றால் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டுக்குப் போங்கள். அங்குள்ள டியூனைட் பாறை பெரும்பாலும் ஒலிவினால் ஆனது. அது சிதைந்து மாறியதால் வந்ததே வெள்ளை மாக்னசைட். அந்த டியூனைட்டும் எரிமலை கக்கியதன்று, ஆழத்திலேயே இறுகியது. தமிழ்ப் பாடத்தில் தீப்பாறைக்கு உதாரணம் தேடுவோர் இதை ஏன் முதலில் நினைப்பதில்லையோ, தெரியவில்லை.

காரைப் பகுதியின் களிமண் படிவுகளில் உண்மையாகவே ஒரு பச்சைக் கனிமம் உண்டு. அதன் பெயர் கிளாக்கோனைட். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது; மோதிரத்துக்கு ஆகாது. வண்டல் மிக மெதுவாகப் படிந்த கடலடியில் இரும்பும் பொட்டாசியமும் சேர்ந்து உருவானது அது. அதிலுள்ள பொட்டாசியத்தைப் பயிருக்கு உரமாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துவருகிறார்கள். அடுத்த முறை பச்சை ஏதேனும் கண்ணில் பட்டால் முதலில் நகத்தாலும், பிறகு கத்தி முனையாலும் கீறிப் பாருங்கள். எதற்கும் மசியாமல், உள்ளே வட்டக் குமிழிகளும் தெரிந்தால், அது பெரும்பாலும் யாரோ எறிந்த சோடாப் புட்டியின் துண்டு.