செல் ஒட்டினால் மட்டும் போதுமா?

செயற்கை ரத்தக்குழாயில் செல் விதைப்பது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க தூத்துக்குடி முத்துச்சிப்பிதான் ஞாபகம் வரும். 1973ல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். ஓட்டில் கடைந்த மணியை மட்டும் சிப்பிக்குள் வைத்தால் முத்து வராது. இன்னொரு சிப்பியின் மேன்டில் சதையில் ஒரு துணுக்கையும் சேர்த்து வைக்கணும். அந்த செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பை கட்டும். முத்துப்பூச்சு அந்தப் பையிலிருந்துதான் வருது.

ரத்தக்குழாயிலும் யோசனை அதேதான். வயிற்றுப் பெருந்தமனிக்கு டாக்ரான் குழாய் நன்றாகவே உழைக்குது. 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் சிக்கல்: ரத்தம் உறைந்து அடைக்கும், இல்லையென்றால் தையல் போட்ட இடத்தில் திசு தடித்து அடைக்கும். நம் சொந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியம் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றைச் சுரந்து தட்டணுக்களை ஒட்டவிடுவதில்லை. அந்த செல்களையே பிளாஸ்டிக் குழாய்க்குள் விதைத்தால்?

1978ல் அமெரிக்காவில் ஹெர்ரிங் குழு நாய்களில் செய்து காட்டியது. மனிதர்களில் அந்த முறை அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. விதைத்த செல்கள் குறைவு. அதிலும் பெரும்பங்கை ரத்த ஓட்டம் அடித்துப்போனது.

என் குறை இங்கேதான். முத்து உவமை பாதி தூரம்தான் வரும். சிப்பிக்குள் துணுக்கு அசையாமல் உட்கார்ந்து வளரலாம். ரத்தக்குழாயில் கிளாம்ப்பை எடுத்த நொடியே வெள்ளம். அப்படியிருந்தும், தட்டில் இத்தனை செல் ஒட்டியது என்று படம் போட்டு முடிந்துவிடும் ஆய்வுக்கட்டுரைகளை இன்றும் பார்க்கிறேன்.

செல்லை நிற்கவைக்க முடியாது என்றில்லை. வியன்னா குழு 1989 முதல் நோயாளியின் சொந்த செல்களை வாரக்கணக்கில் வளர்த்து, ஃபைப்ரின் பூசிய குழாயில் முழுசாகப் பரப்பிக் காலில் பொருத்தியது. பல குழாய்கள் வருடக்கணக்கில் அடைக்காமல் இருந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையமும் ஃபைப்ரின் தளத்தில் ரத்தத்திலிருந்து எடுத்த முன்னோடி செல்களை வளர்த்துக் குழாயில் பரப்பிப் பார்த்து, 2006ல் வெளியிட்டது.

ஆனால் அந்த வாரங்கள் யாரிடம் இருக்கு? என் மாமாவுக்குச் சர்க்கரை. இதய பைபாஸுக்கே ஒரு கால் சிரையை எடுத்தாச்சு. பிறகு கால்விரல் கறுத்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மறு காலில் நல்ல சிரை இருக்கா?" என்பதுதான். ஆய்வகத்தில் செல் வளரும்வரை அந்த விரல் பொறுத்திருக்காது.

2024 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த சிம்வெஸ், அலமாரியிலிருந்து எடுத்து வைக்கலாம். மனித செல்களை வைத்துக் குழாயை வளர்த்து, பிறகு செல்களைக் கழுவி நீக்கிவிடுகிறார்கள். நேரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அது 6 மில்லிமீட்டர் குழாய், கை கால் காயங்களுக்கு மட்டும், கடும் எச்சரிக்கையோடு வந்த அனுமதி.

அதனால் அடுத்த முறை "செயற்கை ரத்தக்குழாய் ரெடி" என்று செய்தி பார்த்தால் மூணு கேளுங்கள்: விட்டம் எவ்வளவு? ரத்தம் ஓடும்போது எத்தனை நாள் தாங்கியது? நோயாளி எத்தனை வாரம் காத்திருக்கணும்?